சின்னக் கைக்கு எந்த மரப்பிடி? சிங்கப்பூரில் பிஸ்டல் சுடப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

கிளப்பில் புதிதாகச் சேர்பவர் கையில் முதலில் தருவது பொதுப் பயன்பாட்டு ஏர் பிஸ்டல்தான். அதில் மாட்டியிருக்கும் மரப்பிடி பெரும்பாலும் நடுத்தர அளவு. ஐந்தடி உயரப் பெண்ணுக்கும், இணைப்பாட நடவடிக்கையாகத் துப்பாக்கி சுடுதலை எடுத்த உயர்நிலைப் பள்ளி மாணவருக்கும், மெலிந்த விரல் கொண்ட ஆணுக்கும் அது பெரிது. "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்பார்கள். ஆகாது. மரத்துக்கு ஏற்பக் கை வளராது. உடம்புதான் குறுக்குவழி தேடும்: மணிக்கட்டு வளையும், டிரிகரை எட்டுவதற்காக உள்ளங்கை திரும்பும், சுண்டுவிரல் இறுகும். சில மாதங்களில் அதுவே பழக்கமாகிவிடும். அப்புறம் பிடியை மாற்றினாலும் பழக்கம் போகாது.

எனக்கு வளையல் அளவு இரண்டே கால். தேக்காக் கடையில் பெரியவர்களுக்கான அடுக்கில் தேடினால் கிடைக்காது, சிறுமிகள் பக்கம் போக வேண்டும். இந்தக் கைக்கு ஒரு பிடி அமைவதற்குள் அனுமதி, அளவு, பார்சல், வரி, மரத்தில் பூசி நிரப்பும் புட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஆளிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வலக்கைக்காரரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்; இடக்கைக்காரர்கள் பக்கம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

1. அளவெடுக்கும் முன்பே அனுமதி

சிங்கப்பூரில் ஏர் பிஸ்டலும் சட்டப்படி துப்பாக்கிதான். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பழகலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சுடுதளத்தில் எடுத்து, சுடுதளத்திலேயே ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும். துப்பாக்கி மட்டுமல்ல, அதன் பாகங்களும் சட்டத்தின் பார்வைக்குள் வருபவை. மரத்துண்டுதானே என்று நினைத்து இணையத்தில் பட்டனைத் தட்டிவிடாதீர்கள்.

முதலில் கிளப்பின் ஆர்மரரிடம், அதாவது கிடங்குப் பொறுப்பாளரிடம், மூன்று கேள்வி கேளுங்கள். இந்த மாடலுக்குத் தனிப்பிடி வரவழைக்கக் காவல்துறையின் உரிமப் பிரிவிடம் ஏதாவது அனுமதி பெற வேண்டுமா? வரவழைப்பது என் பெயரிலா, கிளப் பெயரிலா? வந்தபின் பிடியை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போய்த் தேய்க்கலாமா? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் "ஓகே லா" என்றவர் அடுத்த மாதம் அந்தப் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதில்லை.

இந்த இடத்தில் புதியவர்கள் விழும் குழிகள் இரண்டு. வீட்டில் பிடித்துப் பார்ப்பதற்காக ஏர்சாஃப்ட் பொம்மையையோ, அசல்போல இருக்கும் மாதிரித் துப்பாக்கியையோ வரவழைப்பது ஒன்று. அவையும் இங்கே சட்டக் கட்டுப்பாட்டுக்குள் வருபவை. இன்னொன்று, ஜொகூரில் மலிவாகத் தச்சர் கிடைப்பார் என்று பிடியைப் பையில் போட்டுக்கொண்டு உட்லண்ட்ஸ் தாண்டுவது. இரண்டு நாட்டுச் சோதனைச் சாவடியிலும் அது துப்பாக்கிப் பாகம் என்று வாதம் எழுந்தால், நீங்கள் மிச்சம் பிடித்த இருபது வெள்ளி எதற்கும் உதவாது.

2. கையை அளப்பது

தாளில் வலக்கையை விரித்து வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரையுங்கள். பென்சில் உள்பக்கம் சாய்ந்தால் கை சிறுத்துவிடும், வெளிப்பக்கம் சாய்ந்தால் பெருத்துவிடும். வரைந்ததில் மூன்று அளவுகளை மில்லிமீட்டரில் குறியுங்கள்.

கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல்கள் தொடங்கும் இடத்தில் உள்ளங்கையின் அகலம். நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு ரேகை வரை நீளம். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள கவட்டையிலிருந்து ஆட்காட்டி விரலின் முதல் கணுச் சதையின் நடுப்பகுதி வரை உள்ள தூரம்.

மூன்றாவதுதான் உயிர்நாடி. நிறையக் கடைகள் அகலத்தை மட்டும் கேட்டு அளவு சொல்லிவிடும். வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் எனக்கு "பெண்கள் எல்லோருக்கும் எஸ் அளவு போதும்" என்று ஒரே வரியில் பதில் அனுப்பினார். அகலமான உள்ளங்கையும் குட்டை விரலும் ஒரே கையில் இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு அகலம் 'எம்' என்று சொல்லும், விரல் 'எக்ஸ்எஸ்' என்று சொல்லும். வளையல் அளவை வைத்தும் முடிவெடுக்க முடியாது. அது கை மடங்கி நுழையும் பருமனைக் காட்டும், விரல் நீளத்தைக் காட்டாது.

நேரமும் முக்கியம். வெயிலில் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வந்த கை சற்று உப்பியிருக்கும். குளிரூட்டிய அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இறங்கிவிடும். சுடும் இடத்தில் கை எப்படி இருக்குமோ அப்படி இருக்கும்போது அளவெடுங்கள்.

3. காசில்லாமல் செய்யக்கூடியதை முதலில் செய்யுங்கள்

சுடுதள அதிகாரியிடம் சொல்லிவிட்டு, குழாயில் பாதுகாப்புக் கொடி செருகிய பிஸ்டலை, குறிப்பலகைப் பக்கம் நோக்கியபடி பிடித்துப் பாருங்கள். கண்ணை மூடிக் கையை உயர்த்தி, பிறகு கண்ணைத் திறங்கள். பிஸ்டலின் மேலுள்ள, குறிபார்க்கும் முன்குறியும் பின்குறியும் தானாக ஒரே கோட்டில் நின்றால் பிடி உங்கள் கைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. முன்குறி எப்போதும் ஒரே பக்கம் ஒதுங்கினால் உள்ளங்கை திரும்பியிருக்கிறது என்று பொருள்.

அடுத்து ஆட்காட்டி விரலைப் பாருங்கள். விரலின் உள்பக்கத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளியாவது வேண்டும். விரல் மரத்தில் உரசினால், டிரிகரை இழுக்கும்போது பிஸ்டலையும் சேர்த்துத் தள்ளுவீர்கள். குண்டு பக்கவாட்டில் விலகும். நுனி மட்டும் டிரிகரைத் தொட்டாலும் இதே கதை.

"பிடி பெரிது" என்று புலம்புகிறவர்களில் பலருக்குப் பிடியை மாற்றவே தேவையிராது. போட்டிக்கான ஏர் பிஸ்டல்களில் டிரிகர் தகட்டை முன்னும் பின்னும் நகர்த்தலாம், கொஞ்சம் திருப்பவும் செய்யலாம். பலவற்றில் பிடியின் சாய்வையும் மாற்ற முடியும். உள்ளங்கைக்குக் கீழே இருக்கும் தட்டு ஏறி இறங்கும். டிரிகரை முடிந்தவரை பின்னால் கொண்டுவந்தாலே சில மில்லிமீட்டர் கிடைக்கும். சின்னக் கைக்கு அது பெரிய லாபம். தேவை ஓர் ஆலன் சாவியும் (அறுகோணத் திருகாணிக்கானது), ஆர்மரரின் கால் மணி நேரமும். கிளப் பிஸ்டல் என்றால் பழைய நிலையைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து வருபவர் திட்டாமல் இருப்பார்.

ஓர் எச்சரிக்கை: உள்ளங்கைத் தட்டை மேலே ஏற்றிக் கையை நெரித்துக்கொள்ளாதீர்கள். பிடி ஆடாததுபோல் தோன்றும், ஐந்து நிமிடத்தில் விரல் மரத்துப்போகும். தட்டு கையைத் தாங்கினால் போதும்.

4. பெரிதாக வாங்கித் தேய்ப்பதா, சிறிதாக வாங்கிப் பூசுவதா?

"ஓர் அளவு பெரிதாக வாங்கு, தேய்த்துக் குறைத்துக்கொள்ளலாம்" என்பது கிளப்புகளில் பரவலாகக் கிடைக்கும் அறிவுரை. பெரிய கைக்காரர்களுக்குச் சரி. சின்னக் கைக்கு நான் இதற்கு நேர் எதிரான கட்சி.

காரணம் மரத்துக்கு உள்ளே இருக்கிறது. பிடியைக் கழற்றிப் பார்த்தால், பிஸ்டலின் உலோகச் சட்டம் நுழையக் குடையப்பட்ட பள்ளம் தெரியும். கவட்டை உட்காரும் இடத்திலும் ஆட்காட்டி விரல் போகும் பக்கச் சுவரிலும் மரம் மெலிதுதான். நமக்குக் குறைய வேண்டியதும் அதே இரண்டு இடங்கள்தான். அரத்தை எடுத்துத் தேய்த்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சுவர் பொத்துக்கொள்ளும், அல்லது திருகாணி இறுக்கும்போது விரிசல் விடும். சிறிய அளவில் வாங்கினால் எட்டும் தூரம் முதலிலேயே சரியாக இருக்கும். உள்ளங்கைக் குழியில் இடைவெளி விட்டால் புட்டி பூசி நிரப்பலாம். பூசியது பிடிக்கவில்லையா, அதைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி பூசலாம். பொத்தலை அப்படி மூட முடியாது.

ஆகவே இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் சிறியதை எடுங்கள். விரல் எட்டும் தூரம் ஒன்றைச் சொல்ல, உள்ளங்கை அகலம் வேறொன்றைச் சொன்னால், விரல் சொல்வதைக் கேளுங்கள்.

5. ஆர்டர் செய்யும்போது எழுத வேண்டியவை

பிடிகள் பொதுவானவை அல்ல. ஸ்டெயர் நிறுவனப் பிஸ்டலுக்குச் செய்தது வால்தர் பிஸ்டலுக்குப் பொருந்தாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளும் மாறும். மொரினி, ஃபைன்வெர்க்பாவ், பார்டினி போன்ற பிஸ்டல் நிறுவனங்கள் தங்கள் பிடிகளைச் சில அளவுகளில் தருகின்றன. ஜெர்மனியின் ரிங்க், நில் போன்றவை பிற நிறுவனங்களின் துப்பாக்கிகளுக்கென்றே மரப்பிடி செய்பவை. அளவுப் பட்டியல் ஆளுக்கு ஒன்று: இவருடைய எஸ் அவருடைய எம்முக்கு அருகில் வரலாம். எந்த நிறுவனத்தில் வாங்குகிறீர்களோ அதன் பட்டியலை மட்டும் பாருங்கள்.

மின்னஞ்சலில் பிஸ்டலின் முழு மாடல் பெயர், வலக்கையா இடக்கையா, மூன்று அளவுகள், கை வரைந்த தாளின் படம் ஆகியவற்றை அனுப்புங்கள். தாளின் ஓரத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்துப் படமெடுத்தால் மறுகேள்வி வராது. மாடல் எண்ணை ஆர்மரரிடம் எழுதி வாங்குங்கள், ஞாபகத்திலிருந்து எழுத வேண்டாம்.

மரம் என்று பார்த்தால் வழக்கமானது வால்நட். அடுக்கி ஒட்டிய மரமும் கிடைக்கும். பலருக்கு அதன் வரிவரி நிறம் பிடிக்காது, ஆனால் ஈரக்காற்றில் அது அவ்வளவாக அசையாது. குளிரூட்டிய கிடங்குக்கும் வெளிப்புழுக்கத்துக்கும் நடுவே போய்வரும் பிடிக்கு நான் அதையே சிபாரிசு செய்வேன்.

6. செலவும் நேரமும்

ஜெர்மன் கடைகளின் இணையப் பக்கத்தில் தெரியும் விலையில் பெரும்பாலும் அந்த நாட்டின் 19 விழுக்காடு வரி அடங்கியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே அனுப்பும் பொருளுக்கு அந்த வரியைக் கழித்துத் தர விற்பவருக்கு வழி இருக்கிறது, ஆனால் எல்லோரும் தாமாகக் கழிப்பதில்லை. "ஏற்றுமதி விலை என்ன?" என்று கேளுங்கள். 238 யூரோ என்று போட்டிருக்கும் பிடி, வரி நீங்கினால் 200 யூரோ. கேட்காமல் விட்டால் 38 யூரோ போச்சு.

இந்தப் பக்கம் பொருள், சேவை வரி 9 விழுக்காடு. விமானம் அல்லது அஞ்சல் வழி வரும் பார்சலில் பொருள் விலை, காப்புறுதி, அனுப்பும் செலவு மூன்றும் சேர்ந்து 400 வெள்ளியைத் தாண்டினால் இங்கே இறங்கும்போது வரி கட்ட வேண்டும். 420 வெள்ளி என்றால் 37.80. அதற்குக் கீழே இருந்தால், இங்கே பதிவு செய்த வெளிநாட்டு விற்பனையாளர்கள் 2023 முதல் வாங்கும்போதே இந்த வரியைப் பிடித்துக்கொள்கிறார்கள். வரி கட்டியது தெரியும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கூரியர் நிறுவனம் இரண்டாவது முறை கேட்டால் காட்ட அது ஒன்றுதான் ஆதாரம். கூரியர்காரரின் கையாளும் கட்டணம் தனி.

நேரத்தைப் பொறுத்தவரை, இருப்பில் உள்ள அளவு என்றால் வாரக் கணக்கு, கைக்கென்று தனியாகச் செய்வது என்றால் மாதக் கணக்கு. இதற்கு முன்னால் அனுமதிக்குப் போகும் நாள்களையும், பின்னால் பிடியைப் பதப்படுத்தும் வாரங்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். போட்டி நெருங்கும்போது புதுப்பிடிக்கு மாறுவது வேண்டாத வேலை.

இன்னொரு குழி: சில விற்பனையாளர்கள் உதவி செய்வதாக நினைத்து, பார்சலின் மேல் "மரக் கைவினைப் பொருள்" என்று எழுதி அனுப்பட்டுமா என்பார்கள். வேண்டவே வேண்டாம். அது பொய் அறிவிப்பு. சுங்கத்தில் பிரித்துப் பார்த்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். ஆர்மரரின் மின்னஞ்சல், அனுமதி தேவைப்பட்டால் அதன் நகல், விலைப்பட்டியல் மூன்றையும் பார்சல் வரும் நாளில் கைபேசியில் தயாராக வைத்திருங்கள்.

7. கைக்கு ஏற்பப் பதப்படுத்துவது

புதுப்பிடி வந்த கையோடு அரத்தை எடுக்காதீர்கள். மாட்டி, சில பயிற்சிகள் சுட்டு, எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். வலி இருக்கும் இடமும் மரம் அதிகமாக இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

எங்கே படுகிறது என்று கண்டுபிடிக்க முகப் பவுடர் போதும். உள்ளங்கையில் மெல்லத் தடவி, பிடியை வழக்கம்போல் பிடித்து, அசைக்காமல் விடுங்கள். மரத்தில் வெள்ளை படிந்த இடம் கை தொடும் இடம். நன்றாக அமைந்த பிடியில் உள்ளங்கையின் அடிமேடு முழுவதும் லேசாகப் படிந்திருக்கும். எனக்கு முதலில் வந்தது கட்டைவிரல் அடியில் ஒரு பொட்டும் சுண்டுவிரல் பக்கம் ஒரு கீற்றும்தான். நடுவில் மரம் வெறுமையாகக் கிடந்தது. அந்த வெறுமைதான் புட்டி போக வேண்டிய இடம்.

பேட்டை ஹார்டுவேர் கடையிலேயே இரண்டு பொருளைப் பிசைந்து கலக்கும் எபாக்ஸி மரப்புட்டி கிடைக்கும். பூசப்போகும் இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, தூசி துடைத்து, மெல்லிய அடுக்காகப் பூசுங்கள். மேலே சமையலறைப் பிளாஸ்டிக் தாளை விரித்து, சுடும் நிலையில் நின்றபடி ஒரு தடவை பிடித்துவிட்டு எடுத்துவிடுங்கள். நெரித்துப் பிடித்தால் நெரித்த அச்சுதான் பதியும். பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரம் முழுக்கக் காயட்டும். நம் ஊர் ஈரத்தில் ஒருநாள் கூடுதலாக விட்டாலும் தப்பில்லை. பிறகு 80, 120, 240 என்று சொரசொரப்பைக் குறைத்துக்கொண்டே போய்த் தேயுங்கள். வால்நட் தூள் மூக்கையும் தோலையும் உறுத்தும். முகக்கவசம் போட்டு, கிளப்பின் வேலை மேசையில் செய்யுங்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் செய்தால் பக்கத்து வீட்டுத் துணியெல்லாம் மரத்தூள்.

முடிவில் மரத்துக்கான எண்ணெயை மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு. பளபளவென்று வார்னிஷ் அடித்தால் வியர்த்த கையில் வழுக்கும்.

கிளப்புக்குச் சொந்தமான பிடியில் இந்த வேலை எதையும் செய்யாதீர்கள். அதனால்தான் தனிப்பிடியே வாங்குகிறோம்.

8. போட்டிக்குப் போகிறவர்களுக்கு

சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனத்தின் விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டல் 420, 200, 50 மில்லிமீட்டர் அளவுள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். எடை 1,500 கிராமுக்கு மேல் போகக் கூடாது. டிரிகரை இழுக்கக் குறைந்தது 500 கிராம் விசை தேவைப்பட வேண்டும். புட்டி பூசி ஒரு பக்கம் வீங்கினால் 50 மில்லிமீட்டர்தான் முதலில் மாட்டும். உள்ளங்கைத் தட்டு மேல்நோக்கி வளைந்து கையைக் கவ்வக் கூடாது, பிடியின் எந்தப் பகுதியும் மணிக்கட்டைத் தாங்கக் கூடாது. விதிப்புத்தகத்தின் நடப்புப் பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கருவிச் சோதனையில் நிற்கும்போது அரத்தைத் தேடுவது கொடுமை.

9. ரிவால்வர் பக்கம் போகிறவர்களுக்கு

25 மீட்டர் சென்டர்ஃபயர் (தோட்டா அடியின் நடுவில் அடித்து வெடிக்கும் வகை) பிரிவில் 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரை காலிபர் (குழல் விட்டம்) அனுமதி உண்டு. ரிவால்வர் அதற்குள் அடங்கும். மேலே சொன்ன அனுமதிக் கதை இங்கே இன்னும் கறார்.

ரிவால்வரில் டிரிகரை நகர்த்தும் வசதி வழக்கமாகக் கிடையாது. ஆகவே தூரத்தைக் குறைக்க மரம் ஒன்றே வழி. உலோகச் சட்டத்தின் பின்முதுகை மூடும் பிடி, கைக்கும் டிரிகருக்கும் நடுவில் சில மில்லிமீட்டரைக் கூட்டிவிடும். சின்னக் கைக்குப் பின்முதுகு திறந்திருக்கும் பிடியை எடுங்கள். பிடியின் பக்கப் பலகைகள் மேல்பகுதியில் மெலிதாக இருக்கட்டும். விரல் பள்ளம் வெட்டிய பிடி வேண்டாம். அந்தப் பள்ளங்கள் யாரோ ஒருவருடைய விரல் அகலத்துக்கு வெட்டியவை. நம் விரல் மேட்டின் மேல்தான் போய் உட்காரும். டிரிகர் காப்புக்குப் பின்னாலுள்ள குழியை மரம் நிரப்பினால் நடுவிரல் அடிபடாது, ஆனால் நிரப்பு தடித்தால் கை கீழே இறங்கிவிடும்.

அளக்கும்போது ரிவால்வரின் பின்பக்கச் சுத்தியலை (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் பாகம்) பின்னிழுத்துச் சுடுவீர்களா என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இழுத்து நிறுத்தினால் டிரிகர் தானே பின்னால் வந்து நிற்கும். தேவையான எட்டும் தூரம் குறைந்துவிடும்.

ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவன ரிவால்வர் என்றால் ஜே வகை உலோகச் சட்டம் சிறியது, கே நடுத்தரம், என் பெரியது. எல் சட்டத்தின் பிடிப்பகுதி கே மாதிரியேதான். ஒவ்வொன்றிலும் அடிப்பகுதி வட்டமா சதுரமா என்று பார்க்க வேண்டும்; சதுர அடிக்குச் செய்த பலகை வட்ட அடியில் இடைவெளி விடும், வட்டத்துக்குச் செய்தது சதுரத்தில் ஏறவே ஏறாது. சட்டத்தின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊசி பலகையின் துளையில் உட்கார்ந்த பிறகே திருகாணியை முறுக்குங்கள். இடப்பக்கப் பலகை தடித்திருந்தால் காலித் தோட்டாக்கள் வெளியேறும்போது அதில் தட்டும். அந்த மூலையைச் சரித்து வெட்டிய பிடியாகப் பாருங்கள்.

பழைய பிடிகளை ஏலத்தில் வாங்க ஆசைப்படுபவர்கள் மரத்தின் பெயரையும் விசாரிக்க வேண்டும். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் அழிந்துவரும் உயிரின வணிக ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. இங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் உள்ளே வராது. நம் ஈட்டி மரம் உள்ளிட்ட அதன் உறவு மரங்கள் 2017-இல் அடுத்த நிலைப் பட்டியலில் சேர்ந்தன, செய்து முடித்த சிறு பொருள்களுக்கு அதில் விலக்கு உண்டு. யானைத் தந்தப் பிடியைப் பற்றி நினைக்கவே வேண்டாம், 2021 செப்டம்பர் முதல் இங்கே அதன் உள்நாட்டு விற்பனைக்கே தடை. விற்பவர் வெறுமனே "ரோஸ்வுட்" என்று சொன்னால், தாவரவியல் பெயரை விலைப்பட்டியலில் எழுதித் தரும்வரை பணம் அனுப்பாதீர்கள்.